தட்டுப்படும் ஆணி

ஏப்ரல் 6

அண்ணிக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமலே அடுப்பில் போட்டுவிடுவீர்களோ என்று பயம் இருந்தது. இதைப் படிக்கிறீர்கள் என்றால் போடவில்லை. அதுவரைக்கும் சந்தோஷம்.

நம் சண்டை தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். அது அப்படியே பத்திரமாக இருக்கிறது. இது வேறு விஷயம். எனக்கு ஒரு கத்தி வேண்டும். எனக்கு என்றால் எனக்கு இல்லை. இந்த விடுதிச் சமையலறையில் என்னோடு வேலை செய்கிற ஒரு அம்மாவுக்கு. குளிர் அறையின் இரும்புக் கதவு அவர் வலது கைமேல் சாத்திக்கொண்டது. மாவுக்கட்டைப் பிரித்தாகிவிட்டது. ஆனால் சுண்டுவிரலும் மோதிர விரலும் பாதிக்கு மேல் மடங்கவில்லை, இனி மடங்கப் போவதும் இல்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். எந்தக் கத்தியைப் பிடித்தாலும் உள்ளங்கைக்குள் சுழல்கிறது. வெங்காயத்தை வெட்டப் போனால் வெங்காயத்தைத் தவிர மற்றதெல்லாம் வெட்டுப்படும் நிலைமை.

இப்போது பிள்ளைகளுக்கு விடுமுறை. ஜூனில் விடுதி திறக்கும். எங்கள் மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார்: "பசங்க வந்ததும் என் முன்னாடி நின்னு பழையபடி வெட்டிக் காட்டுங்க. முடியலன்னா சாமான் ரூமைப் பாத்துக்கங்க." சாமான் அறை என்றால் சோப்புக் கட்டியும் துடைப்பமும் எடுத்துக் கொடுக்கிற வேலை. அந்த அம்மாவுக்கு வெட்டு மேசைதான் எல்லாம். அதை விட்டால் அவருக்குத் தான் யார் என்றே தெரியாது. எனக்கு நன்றாகத் தெரிந்தவர், அதனால் சொல்கிறேன்.

அலகு அடிக்கிற அண்ணனிடம் கேட்காமல் பிடி போடுகிற உங்களிடம் ஏன் கேட்கிறேன் என்றால், கோளாறு பிடியில்தான் இருக்கிறது. அண்ணனிடம் நான் எழுதியதாகவும் சொல்ல வேண்டாம். போன் செய்யவும் வேண்டாம். போனில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவோம். கடிதத்தில் ஒருத்தி பேசி முடிக்கும்வரை மற்றவள் வாயை மூடித்தான் ஆக வேண்டும்.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 11

கடுகுக்கு,

உன் கடிதத்தை அடுப்பில் போடவில்லை. எனக்கு அடுப்பு வரை போக வேண்டிய அவசியமும் இல்லை, உன் அண்ணனின் உலை பக்கத்திலேயே எரிகிறது. அதிலும் போடவில்லை.

சண்டை பத்திரமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். என்னிடமும் ஒரு பிரதி இருக்கிறது. போன வருஷக் கண்காட்சியில் என் மேசை முன்னால் ஆட்கள் நிற்கும்போது, நான் இழைத்துத் தேய்த்து எண்ணெய் போட்டு வைத்த கத்தியைக் கையில் எடுத்து, "இதுக்கு உலக்கையே தேவல அண்ணி" என்று சொன்னாய். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு மனிதர் எடுத்த கத்தியைத் திரும்ப வைத்துவிட்டுப் போனார். அவர் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "உன் நாக்கைத்தான் முதல்ல உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும்" என்று நானும் சொன்னேன், இல்லை என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து நீ சொந்தக்காரர்களிடம் என்னை உப்புத்தாள் அண்ணி என்று சொல்லித் திரிவதும் என் காதுக்கு வந்தாயிற்று.

சரி. கோபம் வேறு, வேலை வேறு. அந்த அம்மாவுக்காகச் செய்கிறேன்.

அலகின் பின்பக்கம் ஒரு வால் இருக்கும், அதன் இரண்டு பக்கமும் மரத்தை ஒட்டி, குறுக்கே பித்தளை ஆணி இறக்குவோம். ஆணிக்கான துளையை அலகுக்குப் பதம் ஏற்றும் முன்பே போட்டாக வேண்டும். பதம் ஏறிய இரும்பில் துளை போட்டால் டிரில் பிட்தான் உடையும். அதனால் ஆணி எங்கே என்பதை இப்போதே முடிவு செய்கிறேன். மூன்று ஆணி. மூன்றையும் மரத்தின் ஒரே ரேகையில் வைத்தால் அந்த ரேகையோடு பிளந்துகொள்ளும், கொஞ்சம் ஏற்றி இறக்கித்தான் வைக்க வேண்டும். அந்த அம்மாவின் கையில் பாரம் முழுவதையும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் தாங்கப் போகின்றன. அதனால் முதல் ஆணியை வழக்கத்தைவிட அலகுக்குக் கிட்டே கொண்டுவருகிறேன்.

எனக்கு அந்தக் கை வேண்டும். கையை அனுப்ப முடியாது என்பதால், களிமண்ணோ பிசைந்த மாவோ ஓர் உருண்டை எடுத்து, கத்தியைப் பிடிப்பதுபோல் இறுகப் பிடித்து, அந்த அச்சை அப்படியே அனுப்பச் சொல். அண்ணனிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவர் கேட்கவும் மாட்டார். சம்மட்டிச் சத்தத்தில் பாதி உலகம் அவருக்குக் கேட்பதில்லை.

உன் அண்ணி (உப்புத்தாள்)


ஏப்ரல் 16

அண்ணிக்கு,

அச்சு இந்தப் பெட்டியில் இருக்கிறது. பழைய துணியெல்லாம் சுற்றி வைத்திருக்கிறேன், துணியைத் திருப்பி அனுப்ப வேண்டாம். களிமண்ணுக்கு எங்கே போவேன், எங்கள் சமையலறையில் மாவுக்கா பஞ்சம்? வழியில் நசுங்கிவிடக் கூடாது என்று எனக்குத் தெரிந்த வழியில் கெட்டியாக்கியும் அனுப்பியிருக்கிறேன். சுத்தியால் அடித்தாலும் உடையாது.

கண்காட்சி விஷயம் எழுதியிருந்தீர்கள். படித்தேன். வேறு என்ன சொல்வது, வெட்டு மேசையில் நாள் முழுக்க நிற்பவள் வாயில் நயம் வராது. அதை விடுங்கள்.

அந்த அம்மா தினமும் கேட்கிறார், கத்தி எப்போது வரும் என்று. அவரை நான் சமாதானம் செய்ய வேண்டியிருக்கிறது.

நாத்தனார்


மே 1

கடுகுக்கு,

கத்தியை அனுப்பியிருக்கிறேன். அந்த அம்மா ஆறடி உயரமா? அச்சைப் பார்த்து மலைத்துப்போனேன். விரல் ஒவ்வொன்றும் நல்ல கொழுத்த கேரட் அளவுக்கு இருக்கிறது. கையில் எடுத்துக் கண்ணை மூடிப் பார்த்தேன், அதன் பள்ளம் மேடு எல்லாவற்றையும் அப்படியே மரத்தில் கொண்டுவந்தேன். பெரிய பிடிதான், ஆனால் கைக்குத் தக்க பிடி.

ஆணிகளைக் கவனிக்கச் சொல். நகத்தால் எந்தப் பக்கமிருந்து தடவினாலும் தட்டாது. மரம் எங்கே முடிகிறது, பித்தளை எங்கே தொடங்குகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்க முடியாது. இத்தனை வருஷத்தில் என் கையை விட்டு ஒரு ஆணிகூடத் தட்டுப்படும்படி வெளியே போனதில்லை. அடக்கம் இல்லாமல் சொல்கிறேன், ஏனென்றால் இதையெல்லாம் நீ சொல்ல மாட்டாய்.

அந்த அம்மா வெட்டிப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று எழுது. உன் கருத்து தேவையில்லை.

அண்ணி


மே 5

அண்ணிக்கு,

கத்தி இத்துடன் திரும்பி வருகிறது.

போன வருஷம் நான் சொன்னது தப்பு. அன்று நான் பிடித்தது உலக்கை இல்லை. இதுதான் உலக்கை. இதை வைத்துக்கொண்டு வெங்காயம் வெட்ட முடியாது, திருடனை வேண்டுமானால் விரட்டலாம். முன்பக்கம் உருண்டையாக இருக்கிறது, என் கை பாதி தூரம்கூடச் சுற்றி வரவில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு ஊரே குடியிருக்கலாம். அலகு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கைக்குத் தெரிய மாட்டேன் என்கிறது. ஒரு பூசணிக்காயை நறுக்கப் போய் மேசையில் கீறல் விழுந்ததுதான் மிச்சம்.

அச்சு எடுத்து அனுப்பச் சொன்னது நீங்கள். அனுப்பினேன். அதைப் பார்த்துச் செய்ததும் நீங்கள். இதில் என் தப்பு எங்கே இருக்கிறது?

ஜூன் வந்துகொண்டே இருக்கிறது அண்ணி.

நாத்தனார்


மே 9

கடுகுக்கு,

உன் கடிதம் வந்தபோது எனக்கு வந்த கோபத்துக்கு, நல்லவேளை நீ தூரத்தில் இருந்தாய். அச்சை எடுத்து வந்து, பிடியைப் பக்கத்தில் வைத்து, இம்மியும் பிசகவில்லை என்று எனக்கு நானே நிரூபித்துக்கொண்டிருந்தேன். அப்போது உன் அண்ணன் தண்ணீர் குடிக்க வந்தார். அச்சைப் பார்த்தார். கையில் எடுத்தார். தன் கட்டைவிரலை அந்தப் பள்ளத்தில் வைத்தார். அச்சில் வார்த்ததுபோல் போய் உட்கார்ந்தது.

"இது எப்ப நான் புடிச்சேன்?" என்று கேட்டார்.

உங்கள் குடும்பக் கட்டைவிரல் எனக்குத் தெரியாதா? நுனி பின்னால் வளைந்து, வெளிப்பக்கம் ஒரு முண்டு வைத்து, வேறு யாருக்கும் வாய்க்காத அழகு. உன் மாமனார் வீட்டார் பெண் பார்க்க வந்தபோது நீ அதைப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாயே. அது உன் அப்பாவுக்கு இருந்தது, உன் அண்ணனுக்கு இருக்கிறது, உனக்கு இருக்கிறது. முன்பின் தெரியாத ஓர் ஆறடி அம்மாவுக்கு அது எப்படி வந்தது?

ஆனால் உன் கை என் கையைவிடச் சின்னது. அதுதான் குழப்பமாக இருந்தது. இரும்பு ரம்பத்தை எடுத்து அச்சைக் குறுக்கே அறுத்தேன். உள்ளே முழுக்கப் பொந்து பொந்தாக இருந்தது. முகர்ந்து பார்த்தேன். கடுகு, நீ எனக்கு ரொட்டி அனுப்பியிருக்கிறாய். "எனக்குத் தெரிந்த வழி" என்றால் அடுப்பில் வைத்துச் சுட்டெடுப்பதா? புளித்த மாவு அடுப்பில் உப்பாதா? அதுகூடத் தெரியாமல் இத்தனை வருஷம் யாருக்கு ரொட்டி சுட்டாய்? நானும் ஒரு புத்திசாலி, உப்பிய ரொட்டியைப் பார்த்து ஆறடி ஆளைக் கற்பனை செய்துகொண்டேன்.

நன்றாகச் சிரித்தேன். உன் அண்ணனும் சிரித்தார். அப்புறம் அவருக்கு உறைத்துவிட்டது, விரல் மடங்காதது யாருக்கு என்று. நேராக உலைக்குப் போனார். சாயங்காலம் வரை ஒரே சம்மட்டிச் சத்தம். போய்ப் பார்த்தால், அடித்த இரும்பு எதற்கும் உதவாமல் தகடாகிக் கிடந்தது.

போன கடிதத்தில் "என் கை" என்று நீயே எழுதியிருக்கிறாய். கோபத்தில் உனக்குப் பொய் சொல்ல வராது என்பது எனக்கு முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். எப்போது அடிபட்டது? மாவுக்கட்டோடு யார் உனக்குத் தலை பின்னிவிட்டது? சண்டை போட்டால் இதைக்கூடச் சொல்லக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

அண்ணி


மே 12

அண்ணி,

தலையை யாரும் பின்னிவிடவில்லை. எங்க வீட்டுக்காரர் ஒருநாள் முயற்சி செய்தார். வேலைக்குப் போனால் எல்லோரும் என்ன ஆச்சு என்று கேட்டார்கள், கையை இல்லை, தலையை. அன்றே முடியை வெட்டிக்கொண்டேன்.

பிப்ரவரியில் அடிபட்டது. சொல்லாததற்குக் காரணம் நம் சண்டை மட்டும் இல்லை. அண்ணனை உங்களுக்குத் தெரியாதா? கேட்ட நிமிஷமே பஸ் ஏறி வந்து, "போதும், வேலையை விட்டுட்டுக் கிளம்பு, நான் இருக்கேன்ல" என்று நிற்பார். பாசம்தான். ஆனால் நான் போய் உட்கார்ந்துகொள்ள ஆசைப்படவில்லை. காலையில் காய் மூட்டைகள் வந்து இறங்கும்போது, எந்த மூட்டையை முதலில் பிரிக்க வேண்டும் என்று எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள் அண்ணி. அது போய்விடுமோ என்றுதான் பயமாக இருக்கிறது. சோப்புக் கட்டிக்காக யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

ரொட்டி விஷயத்தை எங்கள் ரொட்டி அடுப்புக்காரரிடம் மட்டும் சொன்னேன். அவர் உட்கார்ந்து சிரித்தவர் எழுந்திருக்கவே இல்லை. புளித்த மாவைத்தான் எடுத்தேன் என்பதே எனக்கு நினைவில் இல்லை. பக்கத்தில் எது இருந்ததோ அதை அழுத்தினேன்.

இன்னொன்று, கோபத்தில் எழுதாமல் விட்டது. அந்த உலக்கையின் முன்பக்கம்தான் மோசம். பின்பக்கம் நன்றாக இருந்தது. மடங்காத இரண்டு விரலும் எங்கேயும் தொங்காமல் அந்தத் தடிப்பின் மேல் சாய்ந்துகொண்டன. அடிபட்ட பிறகு அந்த விரல்களுக்கு ஒரு வேலை கிடைத்தது அன்றைக்குத்தான். ஆனாலும் உலக்கை உலக்கைதான்.

நானே அங்கே வரலாம் என்றால் இங்கே விடுமுறையில் பாத்திரமெல்லாம் ஈயம் பூசி, சுவரெல்லாம் வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் இல்லாமல் விட்டால் கரண்டி எங்கே என்று ஜூலை வரை தேடுவார்கள்.

அண்ணனைக் கிளம்ப விடாதீர்கள்.

கடுகு


மே 17

கடுகுக்கு,

உன் அண்ணன் இரண்டு தடவை பையை எடுத்தார். இரண்டு தடவையும் நான் வாசலில் நின்றேன். "அவளுக்கு வேண்டியது அண்ணன் இல்ல, பிடி" என்று சொன்னேன். முகம் சுண்டிப்போனது. பிறகு அவரே உனக்காக ஓர் அரத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தார், அவர் யாரையும் தொடவிடாத அரம். இத்துடன் இருக்கிறது. நீ திருப்பி அனுப்பிய கத்தியும் இருக்கிறது.

நான் யோசித்துப் பார்த்தேன். தூரத்தில் உட்கார்ந்து அச்சைப் பார்த்து இழைத்தால் மறுபடியும் ஏதாவது கோணலாகும். பிடி எங்கே உறுத்துகிறது என்று கைக்குத்தான் தெரியும். அந்தக் கை அங்கே இருக்கிறது. அதனால் நீயே தேய். பின்பக்கத்தை நான் தொடவில்லை, நீயும் தொடாதே. உன் விரல்கள் வளைந்து பிடியிடம் போகாவிட்டால், பிடி எழுந்து விரல்களிடம் வரட்டும். அந்த ரொட்டி தெரியாமல் செய்த நல்ல காரியம் அது. முன்பக்கம் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். கோடு வரைக்கும் அரம் போடு.

கேட்டுக்கொள். முதலில் அலகைத் தடித்த துணி சுற்றிக் கட்டு, இருக்கிற விரலையாவது காப்பாற்றிக்கொள். உருண்டையாகத் தேய்க்காதே, முட்டை வடிவத்தில் தேய். அப்போதுதான் அலகு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கைக்குத் தெரியும். கொஞ்சம் தேய், பிடித்துப் பார், எதையாவது வெட்டு, திரும்பத் தேய். ஆணிமேல் அரம் போகும்போது பித்தளை சூடானால் நிறுத்திவிடு, உள்ளே பசை இளகும்.

கடைசியில் உப்புத்தாள். என் பெயரையே அதற்கு வைத்தவளுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றித்தான் தேய்க்க வேண்டும். வெறும் விரலால் தேய்த்தால் மரம் மட்டும் குழியும், பித்தளை குழியாது. ஆணி தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அது மட்டும் கூடாது.

அண்ணி


மே 28

அண்ணி,

தேய்த்தேன் தேய்த்தேன், அப்படித் தேய்த்தேன். மூக்குக்குள் மரத்தூள், காப்பியில் மரத்தூள், எங்க வீட்டுக்காரர் சட்டைப் பையில் மரத்தூள். "வீட்ல கரையான் வந்துடுச்சா?" என்று கேட்டார். முதல் நாள் அரத்தைப் பிடிக்கவே கை மறுத்தது. மூன்று இழுப்புக்கு ஒருமுறை கீழே விழுந்தது. அண்ணன் அரம் என்பதால் ஒவ்வொரு தடவையும் எடுத்துத் துடைத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். போகப் போகக் கையும் அரமும் ஒருவழியாகப் பேசிக்கொள்ள ஆரம்பித்தன.

இப்போது பிடி கையில் உட்கார்ந்துவிட்டது. உட்கார்ந்துவிட்டது என்றால், வைத்த இடத்தில் வைத்தபடி. கோடு தாண்டி ஓர் இடத்தில் கொஞ்சம் அதிகம் போய்விட்டேன், அதுதான் ஆள்காட்டி விரலுக்கு ரொம்பச் சுகமாக இருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். கத்தாமல் படியுங்கள். மரக்கட்டையில் தாளைச் சுற்றிப் பிடிக்க என் விரலால் முடியவில்லை. கட்டைவிரலாலேயே தேய்த்தேன். நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது. முதல் ஆணி தலையைத் தூக்கிக்கொண்டது. நகத்தில் தட்டுகிறது. இடது பக்கம், சரியாக என் கட்டைவிரல் உட்காரும் இடத்தில், ஒரு சின்னப் பொட்டு மாதிரி.

அதை மட்டம் செய்யலாம் என்று அரத்தை எடுத்தேன். அதற்கு முன் ஒரு வெங்காயம் வெட்டிப் பார்த்தேன். அண்ணி, கட்டைவிரல் நேராகப் போய் அந்தப் பொட்டின் மேல் நிற்கிறது. பிடி இம்மி நகர்ந்தாலும் பொட்டு நகர்வது தெரிகிறது. அடிபட்டதில் மோதிர விரல் நுனி மரத்துப்போனதால், பிடி திரும்புவது கைக்குத் தெரியாமல் இத்தனை நாளாகக் கத்தியைப் பார்த்துக்கொண்டே வெட்டினேன். இப்போது பார்க்க வேண்டியதில்லை. பக்கத்தில் இருப்பவரோடு வாய்ச்சண்டை போட்டுக்கொண்டே ஒரு முட்டைக்கோஸ் முழுவதையும் வெட்டிவிட்டேன். இரண்டிலும் ஜெயித்தேன்.

அந்த ஆணி அப்படியே இருக்கட்டும்.

கடுகு


ஜூன் 1

கடுகுக்கு,

இருக்கக் கூடாது.

உன் கை தேறியதில் எனக்கு எத்தனை சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை, உன் அண்ணன் இன்று பாட்டே பாடினார், அதைக் கேட்ட தண்டனையும் எனக்குத்தான். ஆனால் ஆணி அப்படி நிற்கக் கூடாது. பத்துப் பேர் இருக்கும் இடத்தில் அந்தக் கத்தி மேசைமேல் கிடக்கும். யாராவது எடுத்து நகத்தால் தடவினால், பிடி போட்டவளுக்கு வேலை தெரியாது என்பார்கள். அது உன் பெயர் இல்லை, என் பெயர். கட்டையில் சுற்றிய தாளை யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல். சும்மா நாலு இழுப்பு. வேண்டுமென்றால் அந்த இடத்தில் மரத்தில் ஒரு சின்னக் குழி போட்டுக்கொள், கட்டைவிரலுக்கு அடையாளம் கிடைக்கும்.

இதில் மட்டும் என் பேச்சைக் கேள்.

அண்ணி


ஜூன் 10

அண்ணி,

கேட்கவில்லை. குழியும் போட்டுப் பார்க்கவில்லை. உங்கள் கடிதம் வந்த மறுநாளே விடுதி திறந்துவிட்டது. நடந்ததைச் சொல்கிறேன், பிறகு திட்டுங்கள்.

மேற்பார்வையாளர் காலையிலேயே வந்து நின்றார். வெட்டு மேசையைச் சுற்றி மொத்தச் சமையலறையும் கூடிவிட்டது, ரொட்டி அடுப்புக்காரர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் வெங்காயக் கூடையை இழுத்தேன். அதற்குள் மேற்பார்வையாளர் என் கத்தியை எடுத்தார். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார், பின்பக்கத் தடிப்பைப் பார்த்தார்.

"என்னம்மா இது, உலக்கை மாதிரி இருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வேலை அவர் கையில் இருக்கிறது, அன்றைக்கு மட்டுமாவது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று வீட்டிலிருந்து சொல்லிச் சொல்லிக் கூட்டி வந்த வாய் அது. கேட்கவில்லை.

"சார், என் கை சரியில்லன்னா சொல்லுங்க, கேட்டுக்கறேன். கத்தியைச் சொல்லாதீங்க. அது எங்க அண்ணி செஞ்சது. அத உலக்கைன்னு சொல்ற உரிமை ஒருத்திக்குத்தான் இருக்கு. அவளும் இனிமே சொல்ல மாட்டா."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்றே எனக்குத் தெரிந்தது. சரி, சோப்புக் கட்டிதான் என்று நினைத்துக்கொண்டேன். அவர் கத்தியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

வெட்டினேன். வெங்காயம், கேரட், முட்டைக்கோஸ், கடைசியில் கல் போன்ற ஒரு பூசணிக்காய். கட்டைவிரல் பொட்டின் மேல். கண் அவர் முகத்தின் மேல். ஒரு தடவைகூடக் கீழே பார்க்கவில்லை. வெங்காயம் அவரைத்தான் அழ வைத்தது.

கூடை காலியானதும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு ரெண்டு மூட்டை பூசணி வருது. மேசைய ஒழிச்சு வைங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். ரொட்டி அடுப்புக்காரர் கைதட்டப் போய் ஸ்டூலிலிருந்து விழுந்தார்.

பிறகு ஒவ்வொருவராக என் கத்தியை எடுத்துப் பார்த்தார்கள். யார் கையிலும் உட்காரவில்லை. இனி என் கத்தியை யாரும் இரவல் கேட்க மாட்டார்கள். எல்லோரும் அந்த ஆணியை நகத்தால் தடவிப் பார்த்தார்கள், அதையும் மறைக்கவில்லை. "இது தெரியாம நிக்கல, எனக்காக நிக்குது" என்று சொன்னேன்.

மறுநாள் காலையில் மூட்டை வந்தது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

கடுகு


ஜூன் 15

கடுகுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை மனதுக்குள் படித்தேன். மூன்றாவது தடவை உன் அண்ணனுக்காகச் சத்தமாகப் படித்தேன். "அது எங்க அண்ணி செஞ்சது" என்று வருகிற இடத்தில் நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். உலைப் புகை என்று சொன்னேன். உலையை அன்றைக்கு மூட்டவே இல்லை.

என் பங்குச் சண்டையை இன்றைக்கு எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டேன். உன்னிடம் இருப்பதை நீ என்ன செய்கிறாய் என்பது உன் இஷ்டம். அடுத்த கண்காட்சிக்கு என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நில். யாராவது ஏதாவது சொன்னால் பதில் சொல்ல ஆள் வேண்டும். நான் பேசினால் மரியாதையாகப் பேசிவிடுகிறேன்.

அரத்தை உன் அண்ணன் திருப்பிக் கேட்கவில்லை. அவர் அதை யாருக்கும் கொடுத்ததில்லை என்பதால் எப்படித் திருப்பிக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. வரும்போது நீயே கொண்டு வா. மாவு எதுவும் கொண்டு வர வேண்டாம்.

நேற்று என் சமையல் கத்திக்குப் புதுப் பிடி போட்டேன். எல்லாம் இழைத்து, தேய்த்து, கடைசியாக ஆணிக்கு வந்தேன். மரக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றிக் கையில் எடுத்தவள், கட்டையைக் கீழே வைத்துவிட்டு வெறும் கட்டைவிரலால் முதல் ஆணியைச் சுற்றி நாலு இழுப்பு இழுத்தேன். நகத்தில் தட்டுகிறது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

உன் அண்ணி